நாலு பல்பு கணக்கு

பின்னறையை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று மீட்டர்காரர் முடிவெடுத்தது ஒரு சனிக்கிழமை காலையில், பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது. வாய் நிறைய நுரை இருந்ததால் அந்த முடிவை உரக்க அறிவிக்க முடியவில்லை. அதுவும் நல்லதற்குத்தான். பக்கத்திலேயே அவர் வீட்டுக்காரம்மா துணி ஊறவைத்துக்கொண்டிருந்தாள்.

மீட்டர்காரர் என்றதும் வீடு வீடாக வந்து கரண்ட் ரீடிங் எடுக்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் பஸ் டிப்போவில் குமாஸ்தா. எந்தப் பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பவேண்டும் என்று அட்டவணை போடுவது அவர் வேலை. அந்த அட்டவணையை எந்தப் பஸ்ஸும் மதித்ததில்லை. அந்தக் குறையைப் போக்கிக்கொள்ளத்தானோ என்னவோ, எப்போதோ ஒரு மல்டிமீட்டர் வாங்கினார். மஞ்சள் பெட்டி, சிவப்பும் கறுப்புமாக இரண்டு கம்பி. அன்றிலிருந்து அது அவர் இடுப்பை விட்டு இறங்கவில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் நலம் விசாரிப்பதற்கு முன்னால் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி பேட்டரிக்கு நாடி பார்ப்பார். "இன்னும் ரெண்டு மாசம் தாங்கும்" என்பார். ஏதோ பெரியவருக்கு வைத்தியர் கெடு சொல்கிற மாதிரி இருக்கும். தெரு அவரை மீட்டர்காரர் என்று கூப்பிட ஆரம்பித்தது. அவரும் பட்டம் வாங்கினவர் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

பின்னறை அவருடைய ராஜ்ஜியம். பாடாத ரேடியோ ஏழெட்டு, காற்றே வராத ஒரு டேபிள் ஃபேன், சாய்ந்தால் கிறீச்சிடும் ஒரு நாற்காலி, கூரையில் பளிச்சென்று நாலு குண்டு பல்பு. முன்னால் குடியிருந்தவர் அந்த அறையில் போட்டோ பிடித்துப் பிழைத்தவராம். அவர் விட்டுப்போன பல்புகள். பல்பின் தலையில் அச்சடித்திருந்த எழுத்தெல்லாம் சூட்டில் எப்போதோ அழிந்துபோயிருந்தது. டிப்போவிலிருந்து வந்ததும் மீட்டர்காரர் நாலையும் போட்டுவிட்டு, ஒரு ரேடியோவின் வயிற்றைப் பிளந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். வீட்டில் அவர் சொன்னபடி நடக்கிற இடம் அது ஒன்றுதான். அங்கே பேசுகிற ஆள் யாரும் இல்லாததும் அதற்கு ஒரு காரணம்.

அந்த இடத்துக்குத்தான் ஆபத்து வந்திருந்தது.

வீட்டுக்காரம்மாவுக்குக் களிமண்ணில் நல்ல கைவாகு. கோப்பை, பூச்சாடி, கிண்ணம் என்று என்ன செய்தாலும் கடைக்காரர்கள் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். ஆனால் சுட வேண்டுமே! ஊருக்கு அந்தக் கோடியில் ஒரு பட்டறையில் சூளை இருந்தது. பச்சை மண் கோப்பைகளைப் பழைய துணியில் சுற்றிக் கூடையில் வைத்து, இரண்டு பஸ் மாறிப் போவாள். புருஷன் அட்டவணை போட்ட பஸ் அல்லவா, எப்போது வரும், எங்கே குலுக்கும் என்று யாருக்குத் தெரியும்? போய்ச் சேரும்போது பாதிக்குக் காது இருக்காது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். தன் சம்பாத்தியத்திலேயே சின்னதாக ஒரு கரண்ட் சூளை வாங்கிவிடுவது என்று முடிவு கட்டிவிட்டாள்.

"என்னங்க, சூளைக்காரர் போன் பண்ணாரு. வர்ற வெள்ளிக்கிழமை கொண்டாந்து எறக்கிடலாமான்னு கேக்கறாரு."

"எங்க எறக்கறது?"

"பின்னறையிலதான்."

"பின்னறையில நான் இருக்கேனே?"

"உங்களையும் எறக்கிடலாம்."

இந்தப் பேச்சு நடந்த மறுநாள்தான் மேற்படி சனிக்கிழமை.

முடிவு எடுத்தாயிற்று. ஆனால் எப்படித் தடுப்பது? இடம் இல்லை என்றால், அவள் ஒரு நடை துடைப்பத்தோடு உள்ளே போய்விட்டு வந்தால் இடம் வந்துவிடும். பணம் இல்லை என்று சொல்ல அது அவர் பணமே இல்லை. "லைன் தாங்காது" என்று ஒரே போடாகப் போடலாம். ஆனால் அதில்தான் ஒரு சங்கடம் இருந்தது.

பின்னறைக்கு லைன் இழுத்தவரே அவர்தான். மேஜை விளக்குக்கு வாங்கி மிஞ்சிப்போன மெல்லிய ஒயரை வைத்து, ஆள் வைத்தால் கூலி என்று தாமே ஏணி ஏறி இழுத்துவிட்டார். ஐந்து ஆம்பியர் தாங்கினால் அதிகம். ஆனால் இழுத்து முடித்த ஜோரில் தெருவையே கூப்பிட்டுக் காட்டி, "இந்த ஒயர்ல யானையைக் கட்டி இழுக்கலாம்!" என்று மார்தட்டியிருந்தார். இப்போது போய் லைன் மெலிசு என்றால் மானம் என்னாவது? லைன் பலமானதுதான்; ஆனால் அதில் ஏற்கெனவே ஏகப்பட்ட கரண்ட் ஓடுகிறது, புதிதாக எதற்கும் இடமில்லை என்று நிரூபிக்க வேண்டும். ஓடுகிற பஸ்ஸில் ஹவுஸ்ஃபுல் போர்டு மாட்டுகிற வேலை.

கதவைச் சாத்திக்கொண்டு அளக்க ஆரம்பித்தார். கரண்டை நேரடியாக அளக்க வேண்டுமானால் லைனை நடுவில் பிரித்து மீட்டரை உள்ளே நுழைக்க வேண்டும். அதில் அவருக்கு ஒரு பயம் உண்டு. முன்பொரு தடவை கம்பியை ஓட்டை மாற்றிச் செருகி அளக்கப் போனதில், பட்டென்று ஒரு சத்தம் கேட்டது; இடது புருவம் முளைக்க வெகுநாள் ஆயிற்று. ஆகவே பாதுகாப்பான வழியைப் பிடித்தார். பல்பைக் கழற்றினார். மேஜைமேல் வைத்தார். இரண்டு கம்பியையும் அதன் அடியில் வைத்து எத்தனை ஓம் தடை என்று பார்த்தார். அறுபத்தைந்து. பிளக்கில் வோல்ட்டேஜ் பார்த்தார். இருநூற்று முப்பது. கணக்குப் போட்டார். திரும்பவும் போட்டார். மூன்றாவது தடவை போட்டபோது நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

அவர் எதிர்பார்த்ததைவிட எங்கேயோ போய்விட்டது விடை! பாடாத ரேடியோக்களைப் பார்த்து, "பொழைச்சோம்டா!" என்றார்.

மறுநாள் ஞாயிறு. சாட்சி வேண்டும் என்பதற்காக எதிர்வீட்டுத் தபால்காரரைக் கூப்பிட்டார். தபால்காரர் தங்கமான மனிதர். கடைசியாக யார் பேசினாரோ அவர் பக்கம் சேர்ந்துவிடுவார். இன்னொரு விசேஷம், அவர் காதில் விழுந்த சமாசாரம் ஸ்டாம்ப் ஒட்டாமலே தெருக்கோடி வரை போய்ச் சேர்ந்துவிடும். அதற்காகவே அவரைக் கூப்பிட்டார்.

வீட்டுக்காரம்மா மண் ஒட்டிய கையோடு வந்து நிலைப்படியில் சாய்ந்துகொண்டாள். மீட்டர்காரர் சாக்பீஸை எடுத்தார்.

"இந்தா பாரும்மா. உனக்குப் புரியற மாதிரி சொல்றேன். காலையில டிப்போ வாசல்ல பஸ்ஸு வந்து நிக்குது. பின்னாடி இருந்து எல்லாரும் தள்ளறாங்க. அந்தத் தள்ளுதான் வோல்ட்டேஜ். எத்தனை பேரு உள்ள ஏறறாங்களோ, அது கரண்ட். படியில ஒருத்தன் வழிய மறிச்சுக்கிட்டு நிக்கறான் பாரு, அவன்தான் ரெசிஸ்டன்ஸ்."

"அப்ப கண்டக்டர்?"

"கண்டக்டர்னா ஒயரு. நடுவுல பேசாத. படியில நிக்கறவன் ஒல்லியா இருந்தா கூட்டம் குபுகுபுன்னு ஏறும். குண்டா இருந்தா கொஞ்சமாத்தான் ஏறும். அதாவது வோல்ட்டேஜை ரெசிஸ்டன்ஸால வகுத்தா கரண்ட். புரியுதா அண்ணே?"

"பிரமாதம் சார்" என்றார் தபால்காரர். அவருக்கு பஸ் மட்டும் புரிந்திருந்தது.

"இந்த பல்போட ரெசிஸ்டன்ஸ் அறுபத்தஞ்சு ஓம். நானே அளந்தேன். இருநூத்து முப்பதை அறுபத்தஞ்சால வகுத்தா மூணரை ஆம்பியர். இப்ப வோல்ட்டேஜையும் கரண்டையும் பெருக்கினா பவர். இருநூத்து முப்பது இன்ட்டு மூணரை. எவ்வளவு அண்ணே?"

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்."

"எண்ணூறு வாட்ஸ்!" சாக்பீஸ் கதவில் கிறீச்சிட்டது. "ஒரு பல்பு எண்ணூறு வாட்ஸ். நாலு பல்பு மூவாயிரத்து இருநூறு வாட்ஸ். பதினாலு ஆம்பியர்! இந்த லைனோட எல்லையே பதினஞ்சு. இதுல சூளைய எங்கம்மா மாட்டறது? என் தலையிலயா?"

"ஐயையோ!" என்றார் தபால்காரர். "தங்கச்சி, சார் சொல்றது நியாயந்தானே?"

வீட்டுக்காரம்மா "உம்" என்றாள். தடை எத்தனை ஓம் என்று பார்க்க மீட்டர் உண்டு. பெண்டாட்டி "உம்" என்றால் அது எத்தனை என்று பார்க்க இன்னும் மீட்டர் வரவில்லை. மீட்டர்காரர் அந்த உம்மைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டார். சாக்பீஸ் தூளை ஊதிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"ஒரே ஒரு சந்தேகங்க."

"கேளு, கேளு. தாராளமா கேளு."

"இந்த நாலு பல்பையும் தினம் சாயங்காலம் எரிய விடறீங்களே. அந்தப் பதினாலு ஆம்பியரும் இந்த ஒயர்லதான் ஓடுதா?"

"வேற எதுல ஓடும்? பக்கத்து வீட்டு ஒயர்லயா?"

"ஒயருக்கு ஒண்ணும் ஆயிடாதே? பயமா இருக்குங்க."

அடடா, அந்தப் 'பயமா இருக்குங்க' என்ற வார்த்தை! கல்யாணமான நாளாக அவள் வாயால் அதை அவர் கேட்டதே இல்லை. மனுஷன் உருகிவிட்டார்.

"யாரு இழுத்த லைன்னு நெனச்ச? யானையைக் கட்டி இழுக்கலாம்னு சும்மாவா சொன்னேன்? வேணும்னா தொட்டுப் பாரு, ஜில்லுனு இருக்கும். பதினாலு ஆம்பியர் அதுக்கு ஜுஜுபி."

"அப்ப பதினாலு தாங்கும்."

"தாங்கும்! நான் எழுதித் தரேன்!"

"சூளைக்கு எவ்வளவுங்க வேணும்? ரெண்டாயிரத்து நானூறு வாட்ஸ்னு சொன்னாரு அவரு."

"அதைக் கண்டுபிடிக்கறது என்ன பிரமாதம்? வாட்ஸை வோல்ட்டேஜால வகுக்கணும். ரெண்டாயிரத்து நானூறை இருநூத்து முப்பதால வகுத்தா..." கதவில் எழுதினார். "பத்தரை ஆம்பியர் கிட்ட வருது."

"அண்ணே, பதினாலு பெருசா, பத்தரை பெருசா?"

"பதினாலுதாம்மா பெருசு" என்றார் தபால்காரர். முதல் தடவையாக அவருக்கே தெரிந்த கேள்வி வந்ததில் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப இந்த நாலு பல்பையும் கழட்டிட்டா பதினாலு ஆம்பியர் காலியாயிடுது. சூளைக்குப் பத்தரை போக மூணரை மிச்சம். வெளிச்சத்துக்குச் சின்னதா ஒரு எல்.இ.டி. பல்பு போட்டுக்கலாம். கணக்கு சரியாங்க?"

மீட்டர்காரர் கதவைப் பார்த்தார். சாக்பீஸைப் பார்த்தார். கூரையில் இருந்த பல்புகளைப் பார்த்தார். அவர் கையால் எழுதிய கணக்கு. அவர் வாயால் சொன்ன பதினாலு.

"ரேடியோ வேலைக்கு வெளிச்சம் வேணுமே..." என்று இழுத்தார்.

"ரேடியோவைக் கேக்கத்தானே செய்வாங்க, பாக்கவா செய்வாங்க?"

"அதானே!" என்றார் தபால்காரர். "சார், நீங்க போட்ட கணக்குதானே சார் இது! தங்கச்சி எவ்வளவு அழகா புரிஞ்சுக்கிச்சு பாத்தீங்களா? எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்த விதம்." அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மத்தியானத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி பட்டுவாடா ஆகிவிட்டது. மீட்டர்காரர் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டாராம், சூளை வருகிறதாம்.

அன்றைக்குச் சாயங்காலம் மீட்டர்காரர் கடைசித் தடவையாகப் பின்னறையில் உட்கார்ந்திருந்தார். நாலு பல்பும் பளிச்சென்று எரிந்தன. போகிறவர்களை வழியனுப்புகிற மனநிலையில் ஏணி போட்டு ஏறி, கூரை ஓரமாகப் போகிற ஒயரைத் தடவிக்கொடுத்தார். உண்மையாகவே ஜில்லென்றுதான் இருந்தது.

தடவிய கை அப்படியே நின்றது. ஐந்து ஆம்பியர் ஒயர் இது. அது அவருக்குத்தான் தெரியும். இதில் தினமும் பதினாலு ஆம்பியர் ஓடியிருந்தால் என்றைக்கோ உருகி ஒழுகியிருக்க வேண்டாமா? வெதுவெதுப்பாகக்கூட இல்லையே! ஹவுஸ்ஃபுல் போர்டு மாட்டுகிற அவசரத்தில் இது எப்படித் தோன்றாமல் போயிற்று?

மெயினை அணைத்தார். புருவத்தை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். கம்பிகளைச் சரியான ஓட்டையில்தான் செருகியிருக்கிறோமா என்று மூன்று தடவை சரிபார்த்து, ஒரே ஒரு பல்பின் லைனைப் பிரித்து மீட்டரை நடுவில் நுழைத்தார். மெயினைப் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு ஸ்விட்சைத் தட்டினார். பட்டென்ற சத்தம் இல்லை. ஒரு கண்ணை மட்டும் திறந்தார். பல்பு எரிந்துகொண்டிருந்தது. மீட்டர் காட்டியது புள்ளி இரண்டு ஆறு ஆம்பியர்.

மூன்றரை எங்கே, கால் ஆம்பியர் எங்கே! இருநூற்று முப்பதையும் புள்ளி இரண்டு ஆறையும் பெருக்கினார். அறுபது வாட்ஸ். வெறும் அறுபது! இருநூற்று முப்பதைப் புள்ளி இரண்டு ஆறால் வகுத்தார். தடை எண்ணூற்று எண்பது ஓமுக்கு மேல் வந்தது. நேற்றுக் காட்டிய அதே பல்பு. நேற்று அறுபத்தைந்து, இன்று எண்ணூற்று எண்பது!

நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. பல்புக்குள் இருக்கிற இழை ஆறிக் கிடக்கும்போது சாதுவாக இருக்கும். கரண்ட் ஏறி வெள்ளைவெளேர் என்று காய்ந்துவிட்டால் அதன் தடை பத்து மடங்குக்கு மேல் எகிறிவிடும். அவர் அளந்தது தூங்குகிற பல்பை. டிப்போவில் நிறுத்தி வைத்த காலிப் பஸ்ஸில் ஏறிப் பார்த்துவிட்டு, 'இந்த ரூட்டில் நெரிசலே கிடையாது' என்று அட்டவணை போட்ட கதை. நாலு பல்பும் சேர்ந்தே ஒரு ஆம்பியர்தான். லைன் நிறைந்திருக்கவும் இல்லை, யானையைக் கட்டியிருக்கவும் இல்லை. பூனையைக் கட்டியிருந்தது.

இந்த லைனில் பத்தரை ஆம்பியர் சூளையை மாட்டினால்? ஒயர் அப்படியே பற்றிக்கொள்ளும். வீட்டுக்காரம்மா அந்த ஒயருக்குக் கீழேதான் உட்கார்ந்து கோப்பையை அடுக்கப் போகிறாள். என்ன இருந்தாலும் அவர் நல்ல மனுஷன். பெண்டாட்டி மேல் உயிரையே வைத்திருந்தார்; அவளிடம் ஜெயிக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவருக்கு ஆசை.

உண்மையைச் சொல்லிவிடலாம். 'கணக்கு தப்பு, ஒயரும் மெலிசு' என்று ஒரு வரி. சூளை வராது, பின்னறை தப்பிக்கும். ஆனால் தபால்காரர்? இந்த ஒரு வரியைத் தந்தி மாதிரி தெருவெல்லாம் கொண்டுபோய்ச் சேர்ப்பார். அப்புறம் யார் வீட்டுக் கடிகாரம் இவரை நம்பி நாடியைக் கொடுக்கும்? பின்னறையா, பேரா என்று ராத்திரிச் சாப்பாடு முழுக்க யோசித்தார். என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

"என்னங்க, ஒரு மாதிரி இருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல. பல்புங்களை நெனச்சேன்."

"வருத்தப்படாதீங்க. நான் பத்திரமா எடுத்து வைக்கறேன்."

அறை போனால் போகட்டும், பேர் நிற்கட்டும் என்று முடிவு செய்தார். வீட்டுக்காரம்மா கடைசி நடையாகக் கோப்பைக் கூடையோடு பட்டறைக்குப் பஸ் ஏறுகிற நாள் வரும்வரை காத்திருந்தார். அவள் தெருமுனை திரும்பியதும் டிப்போவுக்குப் போன் செய்து, "வயித்து வலி" என்று முனகினார். நேராகக் கடைக்குப் போய், இருக்கிறதிலேயே தடியான ஒயராக ஒரு சுருள் வாங்கி, பிளக்கும் ஸ்விட்சும் கூடவே வாங்கி, காய்கறிப் பையில் போட்டு மேலே கீரைக்கட்டை வைத்து மறைத்துக்கொண்டு வந்தார். மெயினை அணைத்தார். வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார்.

மெல்லிய ஒயர் சொன்னபடி வளைந்தது. தடி ஒயரோ பெண்வீட்டு மாமா மாதிரி முறைத்துக்கொண்டு நின்றது. ஒரு பக்கம் திணித்தால் மறுபக்கம் எகிறி முதுகில் அடித்தது. சுவரில் ஓட்டை போட்டதில் காரை பெயர்ந்து தலையெல்லாம் சுண்ணாம்பு. மெயின் போர்டிலிருந்து பின்னறைவரை தனி லைன். முட்டியில் ஒரு சிராய்ப்பு, கட்டை விரலில் ஒரு நசுங்கல். நடு ஹாலில் ஏணி மேல் அவர் தொங்கிக்கொண்டிருந்தபோது, வாசலில் குரல் கேட்டது.

"சார், தபால்! அட, என்ன சார் ஏணி மேல?"

"ஒட்டடை அடிக்கறேன் அண்ணே."

தபால்காரர் அண்ணாந்து பார்த்தார். அவர் கையில் பாம்பு மாதிரி கறுப்பாகத் தொங்கியதைப் பார்த்தார்.

"இவ்வளவு தடியாவா சார் ஒட்டடை புடிச்சிருக்கு?"

"அண்ணே, உங்கள கையெடுத்துக் கும்புடறேன். அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"சேச்சே! நான் எதுக்கு சார் சொல்லப் போறேன்? லெட்டரை இங்க வச்சுட்டுப் போறேன்."

சாயங்காலம் வீட்டுக்காரம்மா திரும்பி வருவதற்குள் ஓட்டையைப் பூசி, தரையைக் கழுவி, ஒயர்மேல் வெள்ளையடித்து, ஒன்றும் அறியாதவர் போலக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"தலையில என்னங்க வெள்ளையா?"

"வயசாகுதில்ல."

"காலையில கறுப்பா இருந்துச்சே" என்றாள். அதற்கு மேல் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை சூளை வந்து இறங்கியது. ரேடியோக்கள் மாடிப்படிக்கு அடியில் போயின. நாற்காலி அங்கே நுழையாததால், அவருக்கு ஒரு முக்காலி ஒதுக்கப்பட்டது. நிமிர்ந்தால் தலையில் படி இடிக்கும். பரவாயில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

சூளைக்காரர் சூளையை மாட்டுவதற்கு முன் மீட்டர்காரர் குறுக்கே பாய்ந்து, தம் மீட்டரை அதன் பிளக்கில் வைத்துப் பார்த்தார். இருபத்திரண்டு ஓம். இந்தத் தடவை ஏமாறத் தயாராக இல்லை. "காஞ்சா மாறுமா?" என்று காதோடு காதாகக் கேட்டார். "சூளைக் கம்பி பெருசா மாறாதுங்க, பல்பு இழைதான் மாறும்" என்றார் அவர். மீட்டர்காரர் அவசரமாக இருமினார்.

சூளையை மாட்டி ஓடவிட்டு, சூளைக்காரர் கவ்வுகிற மீட்டரை ஒயர் மேல் மாட்டிப் பார்த்தார். பத்து புள்ளி நாலு ஆம்பியர். ஒயரை உள்ளங்கையால் தொட்டார்.

"கொஞ்சங்கூடச் சூடே இல்ல. லைன் ஃபர்ஸ்ட் கிளாஸ்! யாரும்மா இழுத்தது?"

"இவருதான். முன்னாடியே இழுத்து வச்சுட்டாரு. யானையைக் கட்டி இழுக்கலாம்" என்றாள் வீட்டுக்காரம்மா. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

மீட்டர்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. முட்டிச் சிராய்ப்பு மறந்தது, நசுங்கிய விரல் மறந்தது, மாடிப்படி இடித்ததும் மறந்தது. பின்னறை போனால் என்ன? குட்டு வெளிப்படவில்லை. ஊர் மெச்ச ஜெயித்தது யார்?

முதல் சுற்று வெந்து, சூளை ஆறித் திறந்தபோது, ஒரு கோப்பைக்குக்கூடக் காது போகவில்லை. நீலமும் பச்சையுமாகப் பளபளவென்று வரிசையாக நின்றன. வீட்டுக்காரம்மா சின்னப் பெண் மாதிரி கை தட்டினாள். அதைப் பார்த்ததும் அவருக்கும் உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கியது; நல்லவேளை தடுக்க முடியாமல் போயிற்று என்றுகூட ஒரு கணம் தோன்றியது. இருப்பதிலேயே நல்ல கோப்பையில் டீ ஊற்றி, மாடிப்படிக்கு அடியில் குனிந்து அவரிடம் நீட்டினாள்.

டீயின் சூடு உள்ளே போனதும் மனுஷனுக்கு வாய் நிற்கவில்லை.

"பாத்தியா? அன்னைக்கே சொன்னேன். நாலு பல்பு, பதினாலு ஆம்பியர். என் கணக்கு என்னைக்காவது தப்பியிருக்கா?"

வீட்டுக்காரம்மா அவர் தலைமுடியிலிருந்து ஒரு சுண்ணாம்புப் பொருக்கை எடுத்துப் போட்டாள்.

"சூளைக்காரரு மொதல் நாளே சொல்லிட்டாருங்க, தடி ஒயரு இழுக்காம சூளைய மாட்டவே கூடாதுன்னு. நானா வந்து, புது ஒயர் இழுங்கன்னு கேட்டிருந்தா இழுத்திருப்பீங்களா?"

மீட்டர்காரர் சட்டென்று நிமிர்ந்தார்; தலையில் படி இடித்தது.

"யாரு... யாரு சொன்னா புது ஒயருன்னு? தபால்காரரா?"

"அவரு பாவம், கறுப்பா, தடியா ஒரு ஒட்டடைன்னுதான் சொன்னாரு. எட்டு வீட்லயும் ஒட்டடைன்னுதான் சொல்லியிருக்காரு."

"அப்ப... அப்ப அந்த எண்ணூறு வாட்ஸ் கணக்கு தப்புன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"நீங்க கதவுல எழுதும்போதே தெரியுங்க" என்றாள் வீட்டுக்காரம்மா. "நாலு பல்பும் அவ்வளவு கரண்டு குடிச்சிருந்தா, கோப்பைய எல்லாம் உங்க மேஜைமேல அடுக்கியே சுட்டிருப்பேனே, எனக்கு எதுக்குங்க தனியா ஒரு சூளை?"